நள்ளிரவு மணியும் கருணாபுரமும்

சனவரி முதல் நாள், கன்னி மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா. 1968 முதல் உலக அமைதி நாளும் அதுவே. அந்நள்ளிரவில் நாம் என்ன செய்கிறோம்? நன்றிப்பா பாடி, ஆசீர் பெற்று, வாக்குறுதி வசனச் சீட்டொன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அத்தோடு செபம் முடிந்ததா?

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சாராயம் என்றதுமே கல்வராயன் மலையை நோக்கி விரல் நீட்டுவது நம் வழக்கம். மெத்தனால் மலைச்சுனையில் ஊறுவதன்று; தொழிற்சாலையில் பிறப்பது. அதை விற்ற கைகளும், கண்டும் காணாதிருந்த கண்களும் மலையில் மட்டுமா இருந்தன?

அப்பெருவிழாவின் நற்செய்தியில் குழந்தையைத் தேடிவந்து கண்டவர்கள், ஊருக்கு வெளியே கிடை காத்த இடையர்கள். மரியாவோ அனைத்தையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார். நாம் மறதிக்கே புத்தாண்டு என்று பெயரிட்டிருக்கிறோம். எனக்கு என்ன தருவாய் என்பது செபத்தின் அரிச்சுவடி; காயினிடம் இறைவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதே அதன் முழுமை.

ஆகவே சீட்டெடுக்குமுன், பெற்றோரை இழந்த கருணாபுரத்துப் பிள்ளைகளுக்காக முழந்தாளிடுவோம். பின்பு எழுந்து அவர்தம் வாசலுக்குச் செல்வோம். அதுவே நம் புத்தாண்டுப் பவனி.