வல்வில் ஓரியும் ஆயிரத்து ஐநூறு டாலர் வில்லும்

டெக்சாஸ்ல குப்பை கொட்டிக்கிட்டு இருக்கற சித்தப்பா பையன் போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒரு வில்லு வாங்கப் போறேன். ஆயிரத்து ஐநூறு டாலர். நம்ம கை அளவு சொன்னா செஞ்சு தருவாங்க. கப்பி, சக்கரமெல்லாம் கிடையாது, சுத்தமான பாரம்பரிய வில்லு. மான் வேட்டைக்குப் போறேன். நம்ம ரத்தத்துலயே இருக்குண்ணே வில்லு!"

நம்ம ரத்தத்துல சர்க்கரைதான்டா இருக்குன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். "யோசிச்சு சொல்றேன்"னு வச்சிட்டேன். யோசிச்சதுல அவனுக்கு மட்டும் சொன்னா போதாதுன்னு தோணுச்சு. ஏன்னா இந்த வியாதி அவனுக்கு மட்டும் இல்லை. கேமரா வாங்கறவன், கிடார் வாங்கறவன், மாரத்தான் ஷூ வாங்கறவன் எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் உண்டு. அதனால பொதுவுல வைக்கிறேன்.

முதல்ல, இங்கே இருக்கறவங்களுக்கு ஒரே வரியில் பதில்: வேட்டைக்காக வில் வாங்கினால் அது விலை அல்ல, வினை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட கொஞ்சம் இடம் இருந்தது. 1991 திருத்தத்தோடு அந்தக் கதவும் மூடியாச்சு. வேட்டையாட முயற்சி செய்தாலே அது வேட்டைதான் என்கிறது சட்டம். ஆக, திருவெண்ணெய்நல்லூர்ல ஏரிக்கரை முயலைப் பார்த்து எவனாவது பாரம்பரியம் பேசினால், கேஸ் ஆகும் தம்பி.

டெக்சாஸ்ல அனுமதி வாங்கி வேட்டையாடலாம். அது அவன் பாடு, மான் பாடு. அதுக்கு அந்த விலை தகுமா என்பதுதான் கேள்வி. தகாது என்பது என் கட்சி.

கணக்கு போடுவோம். இழுவிசை 45 பவுண்டு உள்ள இரண்டு வில். ஒன்று, கடையில் நூற்றைம்பது இருநூறு டாலருக்குக் கிடைக்கும் சாதாரண மரமும் கண்ணாடி இழையும் ஒட்டிய வில். இன்னொன்று கார்பன் எல்லாம் வைத்து இழைத்த மாப்பிள்ளை வில். முதல் வில்லில் அம்பு நொடிக்கு 55 மீட்டர் போகுதுன்னு வைங்க. மாப்பிள்ளை வில்லில் 60 மீட்டர். தாராளமாவே வச்சிருக்கேன்.

இருபது மீட்டரில் மான் நிற்குது. முதல் அம்பு போய்ச் சேர 0.36 நொடி. இரண்டாவது 0.33 நொடி. லாபம், ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு. சரி, மான் அசையறதுக்குள்ள போயிடுமேன்னு கேட்பீங்க. நாண் அதிரும் சத்தம் அதே இருபது மீட்டரை 0.06 நொடியில் கடந்துவிடும். எந்த வில் வாங்கினாலும் சத்தம்தான் முதலில் போகும், அம்பு அப்புறம்தான்.

இன்னொரு கணக்கு. இருபது மீட்டர்னு நினைச்சு விடறீங்க, உண்மையில் மான் இருபத்தைந்தில் நிற்குது. காட்டில் இந்தத் தப்பு எல்லாருக்கும் வரும். மலிவு வில்லின் அம்பு குறிக்குக் கீழே சுமார் 20 சென்டிமீட்டரில் போகும். மாப்பிள்ளை வில்லின் அம்பு 17 சென்டிமீட்டர் கீழே. மானின் நெஞ்சில் அடிக்க வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுவிலிருந்து 17 இறங்கினாலும் தட்டுக்கு வெளியேதான், 20 இறங்கினாலும் வெளியேதான். ஆயிரத்து முந்நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது மூன்று சென்டிமீட்டர்!

எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். விலை உயர்ந்த வில் தப்பைத் திருத்தாது, தைரியத்தை மட்டும் கொடுக்கும். இருபது மீட்டரில் நிறுத்த வேண்டியவன் "நம்ம வில்லு தாங்கும்"னு முப்பதில் விடுவான். குறி தப்பினால் இவனுக்கு ஒரு அம்பு நட்டம். வயித்துல வாங்கின மானுக்கு? புதருக்குள்ள போய் ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும். அந்தக் கணக்கை எந்த விலைப்பட்டியலிலும் போடறதில்லை.

"வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் அடிச்சாரே, அது ஹை பெர்ஃபார்மன்ஸ் வில்லு இல்லையா"ன்னான் பையன். புறநானூறைத் துணைக்கு இழுக்கறான். சரிதான், வன்பரணர் பாடினது உண்மை. ஆனா அதே ஓரியை முடிச்சது யாரு? மலையமான் திருமுடிக்காரி. நம்ம ஊருக்கு அடுத்த திருக்கோவிலூர்க்காரர்! வல்வில் கையில் இருந்தும் கொல்லிமலை போச்சு, உயிரும் போச்சு. பாரம்பரியம் பேசினா முழுசாப் பேசணும்.

அமெரிக்கா பாரம்பரியமே பேசுவோம். அங்கே இன்றைய வில் வேட்டைக்கு விதை போட்டவர் இஷி. யாஹி பழங்குடியில் கடைசி ஆள். 1911ல் காட்டிலிருந்து வெளியே வந்தார், 1916ல் செத்துப்போனார். இடையில் அந்த ஐந்து வருஷத்தில் சாக்ஸ்டன் போப் என்ற டாக்டருக்கு வில் கற்றுக்கொடுத்தார். போப் 1923ல் புத்தகம் போட, அமெரிக்காவே வில்லைத் தூக்கியது. இஷியின் வில் என்ன? ஜூனிப்பர் மரத்தில் செய்து, முதுகில் விலங்கு நரம்பு ஒட்டிய குட்டை வில். அவருடைய வித்தை கிட்டப் போவதில் இருந்தது. மணிக்கணக்கில் காத்திருந்து, காற்று பார்த்து, கிட்ட வந்தால்தான் கை அசையும்.

நம்ம பக்கமும் அதே கதைதான். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். வேட்டை நாயும் கருவிகளும் வைத்திருந்த ஊரில், இவர்கள் கையில் ஒரு இரும்புக் கம்பி, காலுக்குக் கீழே தடம் பார்க்கும் கண். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. கம்பி விலையை யாராவது கேட்டார்களா?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். நல்ல வில் கைக்கு இதம், அதிர்வு குறைவு, முறுக்கிக்கொள்ளாது. கையால் இழைக்கும் தச்சனுக்கு அந்தக் கூலி நியாயமே. அழகுக்காக வாங்கறேன்னு சொன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன். போட்டின்னாலும் சமாசாரம் வேற. லிம்பா ராம் ராஜஸ்தான் கிராமத்தில் மூங்கில் வில்லோடு வேட்டையாடித் திரிந்த பையன். 1987ல் தேர்வானார், 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக் போனார். மூங்கில் வில்லோடேயா போனார்? இல்லை. எழுபது மீட்டரில் ஒரு புள்ளி பதக்கத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் கருவிக்கு லட்சம் லட்சமாய்க் கொடுப்பதில் அர்த்தம் இருக்கு. அதிலும் வரிசையைப் பாருங்க. முதலில் கண் வந்தது, கை வந்தது. வில் கடைசியில்தான் வந்தது.

ஆக, பையனுக்கு என் தீர்ப்பு: இருநூறு டாலர் வில் வாங்கு. இழுவிசை குறைவாவே எடு. வில்லுக்குப் பொருந்தின விறைப்பில் நல்ல அம்பு ரெண்டு டஜன் வாங்கு, அதுல கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு வருஷம் தினமும் நாற்பது அம்பு வைக்கோல் பொதியில விடு. இருபது மீட்டரில் பத்துக்குப் பத்து சாப்பாட்டுத் தட்டுக்குள்ள போனா, அப்புறம் காட்டைப் பத்தி யோசி. அதுக்கப்புறமும் அந்த மாப்பிள்ளை வில் மேல ஆசை இருந்தா வாங்கிக்கோ, நீ சம்பாதிச்ச காசு. அப்ப உனக்கு அது தேவையில்லைன்னும் உனக்கே தெரிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, கம்பனுக்கு ராமன் வில்லைப் பாட நம்ம ஊர்ல ஆள் கிடைச்சாங்கல்ல?"ன்னான்.

கிடைச்சார்டா, சடையப்ப வள்ளல். ஆனா அவர் சோறு போட்டது வில்லுக்கு இல்ல, பாட்டுக்கு.

டிஸ்கி: பையன் இன்னும் ஆர்டர் பண்ணலை. வைக்கோல் பொதி என்ன விலைன்னு விசாரிச்சிருக்கான்.