இடது காலுக்கு எப்போது விடுதலை?

சாயங்காலம் ஆறரை மணி. கேம்ப் ரோடு சிக்னலில் ஆரம்பித்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம், மேடவாக்கம் வரைக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். வண்டி பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி, மறுபடி நிற்கும். வேளச்சேரி சாலையில் தினமும் இதே கதைதான். மேடவாக்கத்தில் 2022-ல் பெரிய மேம்பாலம் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பாலத்தை எட்டும் வரைக்கும் செம்பாக்கத்துக்காரரின் இடது கால்தானே உழைக்க வேண்டியிருக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 50 மீட்டருக்கு ஒருமுறை வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 20 நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கிளட்சை மூன்று முறை மிதிக்க வேண்டும். நிற்கும்போது ஒன்று, முதல் கியர் போட ஒன்று, இரண்டாவது கியருக்கு ஒன்று. ஆக ஒரு கிலோமீட்டருக்கு 60 மிதி. ஐந்து கிலோமீட்டருக்கு 300! வீட்டுக்கு வந்ததும் முழங்கால் வலிக்கிறது என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

இருந்தாலும் நம்மூரில் ஒரு வறட்டுக் கௌரவம் உண்டு. "கியர் மாற்றி ஓட்டினால்தான் வண்டி ஓட்டுவது. ஆட்டோமேட்டிக் எல்லாம் ஓட்டத் தெரியாதவர்களுக்கு" என்பார்கள். இதைச் சொல்பவர் வீட்டு வாசலிலேயே ஒரு ஸ்கூட்டர் நிற்கும். அதில் கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. கைனடிக் ஹோண்டா 1984-லேயே இந்தியாவுக்குள் கியரில்லாத ஸ்கூட்டரைக் கொண்டுவந்துவிட்டது. 2001-ல் ஆக்டிவா வந்தது. அதற்குள் இருப்பது பெல்ட்டும் கப்பியும் வைத்துத் தானாகவே விகிதம் மாற்றும் சி.வி.டி. சில ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பதும் இதே தத்துவம்தான். அதாவது பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகும் அம்மா இருபது வருடமாக ஆட்டோமேட்டிக் வண்டிதான் ஓட்டுகிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

கார் விஷயத்தில் முன்பு ஒரு நியாயமான தடை இருந்தது, விலை. ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் சமாச்சாரம், பெட்ரோலையும் அதிகம் குடிக்கும். 2014-ல் மாருதி செலேரியோ வந்தபோது இது மாறியது. அதில் வந்த ஏ.எம்.டி. ஒன்றும் மாயமில்லை. அதே பழைய மேனுவல் கியர் பாக்ஸ்தான், அதே கிளட்ச்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் மட்டும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்னக் கருவி செய்கிறது. அதனால் விலையும் பெரிதாக ஏறவில்லை. சின்னக் கார்களில் மேனுவலைவிட ஏறக்குறைய 50,000 ரூபாய்தான் அதிகம். மைலேஜும் கிட்டத்தட்ட அதேதான்.

குறை இல்லாமல் இல்லை. ஏ.எம்.டி. கியர் மாற்றும்போது தலை லேசாக முன்னே போய் வரும். பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் நம்மூர் வைத்தியமெல்லாம் ஆட்டோமேட்டிக்கில் பலிக்காது. மேனுவல் என்றால் தெருமுனை மெக்கானிக்கே கிளட்ச் மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆட்டோமேட்டிக் பழுதானால் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் வாசலில்தான் நிற்க வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் பேட்டரி என்றைக்கோ ஒருநாள் இறங்கும், முழங்கால் தினமும் தேய்கிறதே!

சரி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பேடில் ஷிஃப்ட்? விளம்பரத்தில் பார்க்க ஜோராக இருக்கும். பிறந்த இடமும் அப்படி. 1989-ல் ஃபெராரி அதை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. அந்தக் காருடன் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஜெயித்தார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பதுதான் அதன் லாபம். 2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதும் அப்படித்தான். மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது தேவை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் 8 கிலோமீட்டரில் ஊர்கிறவருக்கு எதற்கு?

மேலும், சாதாரண கார்களில் அந்தப் பேடில் ஒரு சுவிட்ச் மட்டுமே. வலது பக்கம் தட்டினால் மேல் கியர் கேட்கும், இடது பக்கம் தட்டினால் கீழ் கியர் கேட்கும். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். ஒரே ஒரு இடத்தில் அது நிஜமாகவே உதவும், மலை இறக்கத்தில். ஏற்காட்டிலிருந்தோ 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது கீழ் கியரில் பிடித்துவைத்தால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக் சூடேறாது. ஆனால் லீவரை மேனுவல் பக்கம் தள்ளினாலும் அதே வேலை நடக்குமே. வருடத்துக்கு ஒரு தடவை ஏற்காடு போவதற்காகப் பேடிலுக்குத் தனியாகக் காசு கொடுப்பது வீண்.

அப்படியானால் மேனுவல் கற்றுக்கொள்ளவே வேண்டாமா? வேண்டும். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதியவருக்கு ஆட்டோமேட்டிக் ஓட்ட மட்டுமே உரிமம். நம் நாட்டில் அந்தப் பிரிவினை கார்களுக்குக் கிடையாது. ஒரே உரிமத்தில் இரண்டும் ஓட்டலாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு வண்டியை எடுத்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், அது மேனுவலாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். எனவே கற்பது மேனுவலில், தினமும் ஓட்டுவது ஆட்டோமேட்டிக்கில். இதுதான் புத்திசாலித்தனம். இடது காலில் ஊனம் உள்ளவர்களுக்கோ இது வசதி என்பதையும் தாண்டியது. கிளட்ச் இல்லாத கார் வந்த பிறகுதான் அவர்களில் பலரால் காரில் எங்கும் தனியாகப் போய்வர முடிகிறது.

இவ்வளவும் கார் வாங்க முடிந்தவர்களைப் பற்றிய பேச்சு. ஆனால் அதே நெரிசலில், அந்தக் காருக்குப் பின்னாலேயே, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் மாநகர பஸ் நிற்கிறது. அதன் கிளட்ச் கார் கிளட்சைவிடப் பல மடங்கு கனம். கார்க்காரர் ஒருமுறை போய் ஒருமுறை வருகிறார். பஸ் டிரைவர் ஒரே நாளில் எத்தனை டிரிப் அடிக்கிறார்! நடுவில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்திக் கிளப்ப வேண்டும். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவர் கால் வலியில் திடீரென்று கிளட்சை விட்டால் கம்பியைப் பிடித்து நிற்கும் பாட்டிதான் விழுவார்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. ஆகஸ்டில் மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாக்கம் பணிமனைக்கும் மின்சாரப் பேருந்துகள் வந்தன. மின் மோட்டாருக்குக் கிளட்ச் மிதிக்கும் வேலையே இல்லை. புகை குறையும் என்றுதான் எல்லோரும் பாராட்டினார்கள். டிரைவரின் முழங்காலைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

இனி டீசல் பஸ் வாங்கினாலும் நகரத்துக்குள் ஓடுவது ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. 50,000 ரூபாய் கூடக் கொடுத்துக் கார்க்காரர் தன் காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அறுபது பேரைச் சுமந்து போகிறவரின் காலை அரசுதான் காப்பாற்ற வேண்டும்.