தலைமை ஆசிரியர் என்னும் பதவி

இந்துக் கல்லூரியின் மலருக்குக் கல்முனைக்குடித் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைவதேன் எனச் சிலர் வினவக்கூடும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் வாங்கிலிருந்து படித்தெழுந்த ஒருவரின் கடன் எமது ஊருக்கு உண்டு. அக்கடனைப் பழைய மாணவர் முன்னிலையிற் கூறுவதே முறையெனக் கருதுகின்றோம்.

இங்கிலாந்திலே றக்பி பாடசாலையின் தலைமை ஆசிரியராக 1828இல் அமர்ந்த தோமஸ் ஆர்னல்ட், 1842இல் இறக்குமட்டும் அப்பதவியிலேயே இருந்தார். அந்நாட்டார் அத்தகைய பள்ளிகளைப் 'பப்ளிக்' பாடசாலை என்பர். ஏழைப் பொதுமகனின் பிள்ளைக்கோ அதன் கதவு எளிதில் திறவாது. பெயரின் விநோதம் இருக்கட்டும். ஒரு மனிதர் பதினான்காண்டு ஒரே பள்ளியிற் கால் ஊன்றி நின்றார் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

நம் நாட்டிலே அதற்கு ஒப்புக் கூறவேண்டின், ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களையே கூறுவோம். 1911இல் வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். யப்பானியக் குண்டுகள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விழுந்த 1942ஆம் ஆண்டிலே, உணவு விளைவிக்கும் பொறுப்போடு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். பர்மா அரிசி நின்றுபோன காலம். நெல்லுக்கென வந்தவர் எம் பிள்ளைகளின் கல்விநிலையைக் கண்டார். வயல் உழுதவன் மகன் பள்ளியை எட்டிப் பாராத நாள்கள் அவை. முஸ்லிம் கல்விக்கென ஒரு சங்கத்தை இங்கேயே தோற்றுவித்தார். அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் நட்பும் அவருக்கு வாய்த்தது. கல்முனையிற் கண்ட குறையே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றுதற்கு வித்தாயிற்று என்பது எமது துணிபு.

1948இல் அவர் செய்த செயலே பெரிது. ரீ. பி. ஜாயா அவர்கள் நெடுங்காலம் நடாத்திய கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிக்கு அதிபராகும் பொருட்டு, நாடே அண்ணாந்து பார்த்த சிவில் சேவையைத் துறந்தார். வயது நாற்பதை எட்டவில்லை. இன்று எத்தனை பேர் அவ்வாறு இறங்குவர்? இறக்கமென்று நாம் எழுதியதே தவறு. ஆயினும் ஊரார் அப்படித்தான் எண்ணுவர். ஆசிரியன் வீட்டிற் பெண் கொடுக்கத் தயங்கும் உலகமன்றோ!

1961 வரை அவர் அங்கிருந்தார். கரவெட்டியிலிருந்து சென்ற கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் அக்கல்லூரியிற் பயின்று, பின் அங்கேயே கற்பித்தமை அக்காலத்து ஸாஹிறாவின் வாயில் எவருக்குத் திறந்திருந்தது என்பதைக் காட்டும். முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்று அஸீஸ் தயங்காது கூறினார். தாம் சார்ந்த கட்சி தனிச் சிங்களத்தை ஏற்றபோது 1956இல் அதனை விட்டு நீங்கினார். அதிபராயிருந்துகொண்டே 1952 முதல் செனற் சபையிலும் அமர்ந்தமை எமக்கு முற்றும் உடன்பாடன்று. பள்ளி முழு மனிதனையும் கேட்கும். எனினும், அவர் பேசியிராவிடின் அச்சபையில் எம் மொழிக்காகப் பேசும் முஸ்லிம் குரல் மெலிந்திருக்கும்.

இப்பொழுதைய நிலையை நோக்குவோம். அதிபர் சேவையிலே தரம் உண்டு, பரீட்சை உண்டு, இடமாற்றம் உண்டு. நாம் கற்பித்த ஒரு பாடசாலையிலே பத்தாண்டிற்குள் ஐந்து அதிபர் மாறினர். ஒருவர் நூலகத்தைக் கீழறைக்கு இறக்கினார். அடுத்தவர் மேலே ஏற்றினார். மூன்றாமவர் காலத்தில் அலுமாரியின் திறப்பே காணாமற் போயிற்று. மாணவன் ஆறாம் வகுப்பிற் கண்ட அதிபரைப் பத்தாம் வகுப்பிற் காண்பதில்லை. நெடிதிருப்போர் சிலர் பள்ளியைத் தம் சொத்தாக்குவர் என்னும் அச்சத்தை நாம் மறுக்கவில்லை, கண்டும் இருக்கின்றோம். அதற்கு மருந்து கணக்கும் கண்காணிப்புமே. ஈராண்டிற்கொருமுறை வேரைப் பிடுங்குதலன்று.

ஒரு பள்ளிக்கு வருபவர் குறைந்தது பத்தாண்டு அங்கே இருத்தல் வேண்டுமென விதி செய்தல் நன்று. கல்வித் திணைக்களத்திலும் அமைச்சிலும் அமர்ந்திருக்கும் பழைய மாணவரே இதனை எடுத்துரைக்கும் வலிமையுடையோர். இதனை எழுதும் வேளையிலும் எம் அதிபருக்கு மாற்றக் கடிதம் வந்துவிட்டதென ஆசிரியர் அறையிற் பேச்சு அடிபடுகின்றது; அவர் வந்து பதினெட்டு மாதமே ஆகின்றது.