கல்லும் எலும்பும் பாடமாகாவா?

“தமிழாசிரியனுக்குக் குகையில் என்ன வேலை?”

ஆசிரியர்கள் கூடியிருந்த அறையொன்றில் எழுந்த வினா இது. மாணவர்களைப் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்லலாம் என்று நான் கூறியபோது மூத்த ஆசிரியர் ஒருவர் இவ்வாறு கேட்டார். அனைவரும் நகைத்தனர், நானும் நகைத்தேன். வீடு திரும்பிய பின்னரோ, அவ்வினா என்னை உறங்கவிடவில்லை. அதற்கு அன்று சொல்லாத விடையை இன்று ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ மணிகள் முன்னும் வைக்கிறேன்.

முதலில், அக்குகையில் இருப்பது யாதெனக் காண்போம். லெங்கோங்கில் குவா குனோங் ருந்து என்றொரு சுண்ணாம்புக் குகை உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சுரைனா மஜிட் அவர்களின் குழுவினர் 1990, 1991ஆம் ஆண்டுகளில் அங்கே அகழ்ந்தபோது, கருவிலுள்ள குழந்தைபோல் உடல் மடக்கிப் புதைக்கப்பெற்ற ஒரு மனிதனின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. காலம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன். ‘பேராக் மனிதன்’ என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்விக்கும் பெயர் அவனுக்குரியதே. அவனருகே கற்கருவிகள் இருந்தன; ஆற்று நத்தைகளின் ஓடுகள் குவிந்திருந்தன; பன்றி, மான், குரங்கு முதலிய விலங்குகளின் எலும்புகளும் இருந்தன.

“கல்லும் எலும்புந்தானே!” என்பார் உளர். கல்லைப் படிக்கத் தெரியாதவனுக்கு அது கல்தான். எழுத்தறியாதவனுக்கு ஏடும் வெறும் ஓலைதானே! ஆற்றங்கரைக் கூழாங்கல்லின் விளிம்பை மற்றொரு கல்லால் தட்டிச் சில்லுகள் பெயர்த்தால் வெட்டும் முனை பிறக்கிறது. அம்முனை எதை அறுத்தது என்பதற்கு அருகில் கிடக்கும் விலங்கெலும்பே சான்று. எலும்பின்மேல் வெட்டுத்தழும்பு இருப்பின், அது புலி கடித்துப் போட்டதன்று, மனிதன் அறுத்து உண்டது என்று அறிகிறோம். எலும்பு கருகியிருப்பின் அது தீயைக் கண்டதென அறிகிறோம். பல்லின் தேய்வு, விலங்கின் வயதைச் சொல்கிறது. இத்தகைய குகைகளில் கிடைக்கும் நத்தையோடுகள் பலவற்றில் கூர்முனை உடைக்கப்பட்டிருக்கும். முனையை நீக்கினால்தான் உள்ளிருக்கும் சதையை உறிஞ்ச இயலும். இன்றும் நம் நாட்டு உணவுக்கடைகளில் அந்நத்தையை அவ்வாறே முனை நறுக்கிச் சமைக்கின்றனர். பத்தாயிரம் ஆண்டுப் பழக்கம் ஒன்று நம் கண்முன்னே தட்டில் வருகிறது; நாமோ அதனை அறியாமல் உண்டு எழுகிறோம்.

இன்னொன்று கேளுங்கள். பேராக் மனிதனின் இடக்கை விரலெலும்புகள் பிறவியிலேயே குறைபட்டவை. அக்குறையோடு அவன் ஏறத்தாழ ஐம்பது அகவைவரை வாழ்ந்திருக்கிறான். இறந்தபின் அவனைச் சேர்ந்தோர் இறைச்சியும் கருவியும் வைத்து அடக்கம் செய்துள்ளனர். வேட்டையாடி உண்ட கூட்டம், உடற்குறையுள்ள ஒருவனைக் கைவிடவில்லை என்று இதனால் எண்ண இடமுண்டு. அறம் என்னும் சொல்லை நாள்தோறும் கரும்பலகையில் எழுதும் நமக்கு இதைவிட நல்லதொரு பாடம் வேண்டுமோ?

“ஆயினும் அது நம் வரலாறன்று” என்பது அடுத்த தடை. உண்மை, அவன் தமிழனல்லன். அவன் என்ன மொழி பேசினான் என்று சொல்ல எவராலும் இயலாது. ஆனால் நாம் வாழும் மண்ணின் வரலாறு நம் வரலாறன்று என்று நாமே சொல்லிக்கொண்டால், ‘இந்த நாடு எங்கள் நாடு’ என்று எந்த வாயால் கூறுவது? ஆண்டுதோறும் தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை ஏறுகிறோம். அக்குன்றின் குகையொன்றிலே பண்டைய ஓராங் ஊத்தானின் பற்கள் கிடைத்ததை 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று அறிவித்தது. இன்று போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டுமே காடுகளில் வாழும் அவ்விலங்கு, ஒருகாலத்தில் முருகன் குன்றின் சாரலிலும் திரிந்தது. நம் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

மேடையேறினால் நாம் கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்தவர்கள் என்று முழங்குகிறோம். கைதட்டலும் பெறுகிறோம். கல்லுக்கு மூத்தவர் என்போர் ஒரு கல்லையேனும் கையிலெடுத்துப் பார்த்ததுண்டா? சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் 1863ஆம் ஆண்டு ஒரு கற்கருவியைக் குனிந்து எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அதிலிருந்து வளர்ந்தது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு அவர்களும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டு பொறுமையோடு அகழ்ந்து, அங்குள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 385,000 ஆண்டுப் பழைமையன என்று 2018இல் நிறுவினர். அவற்றைச் செய்தோரைத் தமிழர் என்று அவர்கள் உரைக்கவில்லை. சான்று சொன்னதை மட்டுமே உரைத்தனர். அந்த அடக்கத்தையே நம் மாணவர் கற்க வேண்டும். சான்றின்றிப் பெருமை பேசப் பழகிய பிள்ளை, நாளை சான்றோடு வந்து மறுப்பவன் முன் நாணி நிற்பான்.

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில் சுண்ணாம்புக் குன்றொன்றின் அடிவாரத்துப் பள்ளியில் பணியாற்றினேன். ஒருநாள் மாணவன் ஒருவன், கைக்கு அடக்கமாக இருபுறமும் சில்லு பெயர்ந்த கல்லொன்றையும் கறுத்த பல்லொன்றையும் கொணர்ந்து, “ஐயா, இது என்ன?” என்றான். “குப்பையைக் கொண்டுவராதே, எறிந்துவிட்டுக் கை கழுவி வா” என்றேன். எறிந்துவிட்டான். அது கருவியா, வெறுங் கல்லா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அறியும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

நான் ஒரு கல்லை எறிந்தேன். நம் சமூகமோ சில இடங்களில் குகைத் தரையையே எறிந்துவிடுகிறது. வழிபாட்டிற்கென மண்ணை வாரிக் கொட்டிச் சிமெண்டுத் தளம் போடுகிறோம். உரத்திற்காக வௌவால் எச்சத்தை வெட்டியோரும், சுண்ணாம்புக் கல்லுக்காகக் குன்றையே உடைப்போரும் செய்யும் தீங்கை நாம் பக்தியின் பெயரால் செய்யலாமா? மண்ணடுக்கு குலைந்தால் அனைத்தும் குலைந்தன. எந்த அடுக்கில், எந்த எலும்போடு, எந்தக் கரித்துண்டோடு கிடந்தது என்பதே கருவியின் காலத்தைக் காட்டும். இடம் பெயர்ந்த கல், ஊமையான சாட்சி.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற லெங்கோங்கிற்கு மாணவரை ஒருமுறையேனும் அழைத்துச் செல்வோம். கண்டதைத் தமிழில் எழுதச் செய்வோம். குகையில் எதையும் தோண்டாதே, எடுக்காதே. கண்டால் ஆசிரியரிடம் சொல் என்று கற்பிப்போம். அரும்பொருள் கண்டோர் உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பதே 2005ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டத்தின் விதி. குகைக்கோயில் நிருவாகத்தில் இருப்போர், கடப்பாரையை எடுக்குமுன் அரும்பொருளகத்தாரை அழைக்கட்டும்.

தமிழாசிரியனுக்குக் குகையில் என்ன வேலை என்று கேட்ட நண்பரே, மாணவன் ஒரு கல்லோடு வந்து நிற்கும்போது எறி என்று சொல்லாமலிருக்க நாம் கற்க வேண்டும். அதைக் கற்கவே நான் குகைக்குப் போகிறேன். தாங்களும் வாருங்கள்.