புளியோதரைக் கூடையும் நெய்தல் நிலமும்

பயணம் புறப்படும் தமிழ்க் குடும்பத்தைப் புகைவண்டி நிலையத்திலேயே இனங்கண்டு கொள்ளலாம். பெட்டி படுக்கைகளுக்கு நடுவே ஒரு கூடை இருக்கும். அதனுள் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்டலி, எலுமிச்சை ஊறுகாய். இரண்டு நாள் வண்டிப் பயணத்துக்கு இவை வேண்டுபவையே. அவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. வண்டியை விட்டு இறங்கிய பின்னும் அந்தக் கூடையை மனத்திலிருந்து இறக்கிவைக்க மறுக்கிறோமே, அதனை எதிர்த்தே ஈண்டு வழக்காட வந்துள்ளோம்.

நடுவண் அரசு ஊழியர்களுக்கு நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை இந்தியாவின் எப்பகுதிக்கும் சென்றுவரப் பயணச் சலுகை உண்டு. கட்டணத்தை அரசு தரும், சோற்றுக்குத் தராது. அதனால்தானோ என்னவோ, சோற்றை நாம் பயணத்தின் பகுதியாகவே கருதுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியிலிருந்து மூன்று குடும்பங்களாகக் கொங்கணக் கரைக்குச் சென்றோம். இரத்தினகிரியில் இறங்கி, பேருந்தில் தெற்கே மால்வணை அடைந்து, கடலை ஒட்டிய ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். வீட்டுக்கார அம்மையார் ஐம்பது வயதினர். குழந்தைகள் அவரைக் 'காகூ' என்றழைக்க உடனே பழகிவிட்டனர். மதியம் என்ன சமைக்கட்டும் என்று அவர் இந்தியில் வினவினார். ஒன்றும் வேண்டா, இங்கே மதராஸ் ஓட்டல் எங்குள்ளது என்று நாம் திருப்பி வினவினோம்! அவர் முகம் சற்றே வாடியதைக் கண்டும் காணாதவர்போல் உச்சிவெயிலில் நடந்து சென்று, கல்போன்ற இட்டலியையும் சருக்கரை கலந்த சாம்பாரையும் உண்டு, ஊர் சரியில்லை என்று தீர்ப்பும் வழங்கிவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் காலை நாம் எழுமுன்னரே குழந்தைகள் அம்மையாரின் அடுக்களைக்குள் புகுந்துவிட்டனர். அரிசிமாவை வேகவைத்து மரக்கருவியில் இட்டு அவர் பிழிந்து கொண்டிருந்தார். வெல்லமிட்ட தேங்காய்ப்பாலில் அதனைத் தோய்த்துத் தந்தார். 'சிர்வாளே' என்று பெயராம். நம் இளைய மகள் கிண்ணத்தோடு ஓடிவந்து, "அப்பா, இது நம்ம பாட்டி பிழியற சேவைதானே?" என்றாள். பாட்டியின் சேவைநாழி ஊரில் பரண்மேல் துருப்பிடித்துக் கிடக்கிறது. தில்லியில் அக்குழந்தைக்கு நாம் சேவை பிழிந்து கொடுத்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நம் வீட்டில் மறைந்துபோன பண்டத்தை அயலார் வீட்டு அடுப்பில் அவள் கண்டுகொண்டாள். நாமோ முந்தின நாள் அதே அடுப்பைப் புறக்கணித்து ஓட்டலைத் தேடி ஓடினோம்.

அதன்பின் நான்கு நாட்கள் அம்மையார் இட்டதையே உண்டோம். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து வார்க்கும் 'ஆம்போளி'. நம் கல்தோசைக்கு உடன்பிறப்பு. அதற்குத் தொட்டுக்கொள்ளக் கறுப்புப் பட்டாணிக் குழம்பு; அதனை அவ்வூரார் வழங்கும் பெயரும் சாம்பாரே! காலையில் புழுங்கலரிசிக் கஞ்சி. அதனைப் 'பேஜ்' என்பர். கொள்ளுமாவில் கரைத்துக் காய்ச்சிய 'பிட்டி'யைக் கொங்குநாட்டிலிருந்து வந்த நம் நண்பர் மூன்றுமுறை கேட்டு வாங்கி உண்டார். அவரே முதல்நாள் இட்டலிக்காக மிகுதியும் முணுமுணுத்தவர் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

கடற்கரை என்றால் மீன்தானே, சைவ உணவினர் என் செய்வது என்று கேட்பவர் உளர். மேற்சொன்னவற்றுள் மீன் எங்கே? பலாக்காய்க் கறி, பச்சை முந்திரிப்பருப்புக் கறி, கோகம் பழத்தோலையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்த இளஞ்சிவப்புச் 'சோல்கடி' என மரக்கறி உண்பார்க்கு அக்கரை வைத்திருப்பவை பல. மீன் உண்ணும் நம்மவரோ இன்னும் பிடிவாதக்காரர். நம்மூர்ப் புளிக்குழம்பில் மிதந்தாலன்றி மீனை மீனென்றே ஒப்புவதில்லை. கோகமும் திர்பளும் இட்ட கானாங்கெளுத்திக் குழம்பை முகர்ந்து பார்த்தே ஒதுக்குகின்றனர். கோகம் என்பது குமரி மாவட்டத்தார் மீனுக்கு இடும் குடம்புளிக்கு நெருங்கிய உறவு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

நம் பழக்கம் தொன்மையானது, தூயது என்று சிலர் கொடிபிடிப்பர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் கால்வைத்த பின்னரே இந்நாட்டுக்கு வந்தது. சங்கப் புலவர் எவரும் அதனைக் கண்டதில்லை. உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே. மால்வண் கரைக்கு எதிரே, கடல்நடுவே, 1664-இல் சிந்துதுர்க்கக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய சிவாஜியின் தம்பி வழியினரே தஞ்சையை 1855 வரை ஆண்டனர். அத்தனை ஆண்டுகளும் இரு நிலத்து அடுக்களைகளும் ஒன்றோடொன்று பேசாமலா இருந்திருக்கும்?

சங்கம் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பொங்கல் விழாதோறும் ஆற்றுப்படை நூல்களைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டுக் கைதட்டுகிறோம். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை சொல்வதென்ன? நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட குழல்மீனைப் பெறுவான். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோற்றைப் பெறுவான். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோற்றையும் நண்டுக் கலவையையும் பெறுவான். வழிகாட்டும் நூலே எந்நிலத்தில் எவ்வுணவு என்று சொல்லி அனுப்புகிறது! அப்பாணன் வறியவன், கூடை கட்டிச் செல்ல அவனிடம் அரிசி ஏது என்பீர்கள். மெய்தான். ஆயினும் வேலூர்ப் புளிச்சோறு வேலூரார் இட்டது. வீட்டிலிருந்து அவன் சுமந்து சென்றதன்று.

இதனை வெறும் நாக்கின் செய்தி என்று தள்ளிவிட இயலவில்லை. தில்லிக்கு வந்த புதிதில் வாடகைவீடு தேடி அலைந்த நாட்களை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டோம். புளிக்குழம்பு நாறும், கருவாடு நாறும் என்று கதவை மூடியவர் உண்டு. 'மதராசி' என்ற ஒரு சொல்லில் நம் தென்மாநிலங்கள் அனைத்தையும் அடைத்து, இட்டலி தோசை அன்றி உமக்கு வேறென்ன உண்டு என நகைத்தவர் உண்டு. அந்தச் சொல் சுட்ட வடு இன்னும் ஆறவில்லை. அத்தகைய நாமே அம்மையாரின் கதவில் நின்று, கேளாமலே, சுவையாமலே, வேண்டா என்றோம். மூடியவரும் நாமும் வேறுபட்டது எவ்விடத்தில்?

இன்னொரு தீங்கும் நேர்கிறது. அக்கரை நெடுகிலும் உணவுவிடுதிப் பலகைகளில் மசாலா தோசையும் பனீரும் சீன நூடுல்சும் கண்டோம்; ஆம்போளியைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. வருகிறவர் கேட்பதைத்தானே விற்பவன் எழுதிவைப்பான்? பலகையிலிருந்து ஒரு பெயர் அழிவதில் நம் கையும் இருக்கிறது.

இறுதியாக, செயற்குழுவினர் சினந்து கொள்ளாதிருப்பாராக. நம் போன்ற சங்கங்கள் ஏற்பாடு செய்யும் குழுச் சுற்றுலா அறிவிப்புகளில், 'நம்மவர் சமையல், உடன்வரும் சமையற்காரர்' என்ற வரி தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. அடுத்த அறிவிப்பில் அவ்வரியை நீக்கிப் பாருங்கள். மூத்தோர்க்கும் நோயாளிகளுக்கும் வேண்டுவதை அவரவர் குடும்பத்தார் எடுத்து வரட்டும். ஏனையோர் போகும் ஊரில் எவர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டெழுதி, அப்பட்டியலை அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம். சமையற்காரருக்கு எடுக்கும் பயணச்சீட்டும், அடுப்பும் பாத்திரமும் ஏற்றும் கூலியும் மிச்சமாகும்; அந்தத் தொகையை வீட்டுக்கார அம்மையார்களிடம் கொடுப்போம்.