எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: மாட்டிக்கொள்வது கடைசியாகச் சேர்ந்தவர்

நம்ம ஏரியா சின்ன ஆபீஸ்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இன்றைக்குப் போட்டுவிடுகிறேன்.

மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம்... ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கோ டிராவல்ஸுக்கோ போய்ப் பாருங்கள். ஐந்தாறு சிஸ்டம், ஒரு பிரிண்டர், எல்லோரும் திறக்கிற ஒரு பொது ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்குள் டேலி டேட்டா, ஜிஎஸ்டி எக்செல் ஷீட், சம்பளப் பட்டியல், கஸ்டமரின் பான் கார்டு என்று எல்லாமே இருக்கும். லாகின்? அட்மின். பாஸ்வேர்ட்? கடைப் பெயரோடு 123. அதையும் மறந்துவிடக் கூடாது என்று மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள்.

கேட்டால் "நாங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி மாதிரி தம்பி, இங்க யார் யாரைச் சந்தேகப்படறது?" என்பார்கள்.

நான் சொல்வது இதுதான். பொது பாஸ்வேர்டுக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்காதீர்கள். தப்பு நடந்தால் பழியை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டுவதற்கு அது ஒரு வசதி. அந்தத் தலை எப்போதும் ஆபீஸிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிற தலையாகத்தான் இருக்கும்.

சும்மா சொல்லவில்லை. செமஸ்டர் லீவில் ஒரு மாதம் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஆறு சிஸ்டத்துக்கும் ஒரே லாகின். 10-ஆம் தேதி சாயங்காலம், அதாவது ஜிஎஸ்டிஆர்-1 போடக் கடைசி நாளுக்கு முதல் நாள், ஒரு கிளையன்ட்டின் விற்பனை ஷீட்டில் பாதி வரிகளைக் காணோம். யாரோ அழித்து, சேவும் செய்துவிட்டார்கள். சீனியர் கேட்ட முதல் கேள்வி "யார் செஞ்சது?" இல்லை, "கடைசியா ஜாயின் பண்ணது யாரு?" மூன்று வாரம் முன்னால் சேர்ந்திருந்த ஒரு பெண். "நான்தான்னு எப்படி சார் சொல்றீங்க?" என்று கேட்டார். "பின்ன, நானா?" என்று பதில் வந்தது. அந்த மாதம் அவருக்குக் கொடுத்த பணத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தது. அவர் செய்தாரா இல்லையா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாமல்தான் அந்த ஆபீஸை அமைத்து வைத்திருந்தார்கள்.

பிகாம் படிக்கிற மக்களே, நமக்கு இது புது விஷயமா? ஆடிட்டிங் பேப்பரில் 'இன்டர்னல் செக்' என்று பத்து மார்க் கேள்வி எழுதுகிறோம். பணம் வாங்குபவர் கணக்கு எழுதக் கூடாது, ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் இயல்பாகவே சரிபார்க்கிற மாதிரி வேலையைப் பிரிக்க வேண்டும்... மனப்பாடமாகச் சொல்வோம். காகித லெட்ஜர் காலத்தில் கையெழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரில் கையெழுத்து என்பது லாகின்தான். ஆறு பேருக்கு ஒரே லாகின் என்றால் ஆறு பேருக்கும் ஒரே கையெழுத்து. எந்த பேங்க்காவது ஒத்துக்கொள்ளுமா?

கம்பெனிகளுக்குச் சட்டமே வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்கிற 'எடிட் லாக்' இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. டேலியிலும் அந்த வசதி இருக்கிறது; எந்த வவுச்சரை எந்த யூசர் எப்போது மாற்றினார் என்று காட்டும். ஆனால் எல்லோரும் அட்மினாகவே உள்ளே நுழைந்தால் லாக் என்ன சொல்லும்? அட்மின் போட்டார், அட்மின் மாற்றினார், அட்மின் அழித்தார். சட்டத்துக்குக் கணக்குச் சரி. உண்மைக்கு?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்று ஒன்று இருந்தது. நெட்வொர்க் வழியாக யார் வந்தாலும் 'கெஸ்ட்' என்ற ஒரே ஆளாகத்தான் அது பார்க்கும். சின்ன ஆபீஸ்களுக்கு சிஸ்டம் போட்டுக் கொடுத்தவர்கள் அதிலேயே பழகினார்கள். பிறகு விண்டோஸ் மாறியது, கை மாறவில்லை. ஃபோல்டர் திறக்கவில்லை என்று போன் வந்தால் போதும், வந்து 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்' என்று இரண்டு டிக் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த டிக்கின் விலை என்ன? 2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டின. அது பரவியதே விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. பேட்ச் ஓட்டையை அடைக்கும், அனுமதியைக் குறைக்காது. இந்த மாதிரி வைரஸ் உள்ளே வந்தபின், அந்த லாகினுக்கு எழுதும் அனுமதி உள்ள ஃபைல்களைத்தான் எளிதாகப் பூட்டும். ரிசப்ஷன் சிஸ்டத்துக்குப் படிக்க மட்டும் அனுமதி இருந்தால் அந்த லாகினை வைத்துப் பொது ஃபோல்டரை ஒன்றும் செய்ய முடியாது. ஃபுல் கன்ட்ரோல் இருந்தால் பத்து வருடக் கணக்கும் காலி.

"நாங்க சின்ன ஆபீஸ், எங்களை எவன் தேடி வரப்போறான்?" சரி, பெரிய இடத்தையே பார்ப்போம். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் சென்ட்ரல் பேங்க். ஸ்விஃப்ட் வழியாகக் கிட்டத்தட்ட நூறு கோடி டாலருக்குத் திருட்டு ஆர்டர் போனது, 10.1 கோடி டாலர் வெளியேறியது. அதில் 2 கோடி இலங்கைக்குப் போய்த் திரும்பக் கிடைத்தது, 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்குப் போனது. ஃபயர்வால் இல்லை, மலிவான செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச், ஸ்விஃப்ட் அறையின் கம்ப்யூட்டர்களைத் தனியாகப் பிரித்து வைக்கவில்லை என்று விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். அவ்வளவு பெரிய பேங்க் சறுக்கியது நம்ம ஊர் ஆபீஸ் சறுக்குகிற அதே இடத்தில்தான்.

2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் பேங்க்கும் அதே பாணியில் தாக்கப்பட்டது. மூன்று பரிமாற்றங்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர். ஸ்விஃப்ட்டோடு இணைந்த பிரிண்டரைத் திருடர்கள் செயலிழக்க வைத்ததால் ஒப்புகைச் செய்திகள் வரவில்லை. மறுநாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கிற நம்ம பழைய காமர்ஸ் பழக்கம்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. பிரிண்டர்தானே என்று யாரும் அலட்சியமாக நினைக்காதீர்கள். அதுவும் பொதுச் சொத்துதான்.

பிரித்து வைத்தால் என்ன பலன் என்பதற்குக் கூடங்குளம் இருக்கிறது. 2019-இல் அங்கே வைரஸ் புகுந்ததை அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது. இன்டர்நெட்டோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்தான் அது, உலையின் முக்கிய நெட்வொர்க் தனியாக இருக்கிறது என்று விளக்கம் கொடுத்தது. அந்த ஒரு சுவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கட்சி இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி, சாவியை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகிற கட்சி. பிரிண்ட் எடுக்கக்கூட அவருக்கு போன் போட வேண்டும். இரண்டே நாளில் வேலை முடங்கும், மூன்றாவது நாள் வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்ட் சுற்றும். மறுபடி பழைய கதை. கல்லூரி லேப்கள் பலவும் இந்த ரகம்தான்: யூஎஸ்பி மூடியிருக்கும், பாதி வெப்சைட் திறக்காது, ஆனால் நாற்பது பேரின் ப்ராஜெக்ட்டும் ஒரே லாகினில் டி டிரைவில் கிடக்கும். எவன் வேண்டுமானாலும் அழிக்கலாம். வாசலில் வாட்ச்மேன், பீரோவுக்குப் பூட்டு இல்லை!

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் இன்னும் மோசம். 2011 சைபர் கஃபே விதிகள் மரத்தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவு சொன்னது, வருபவரின் அடையாள அட்டையைப் பார்க்கச் சொன்னது. எல்லாம் சரி. ஆனால் ஸ்கேன் செய்த நம் ஆதாரும் மார்க் ஷீட்டும் பொது ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கிறதே, அதை அடுத்த சீட்டில் உட்கார்ந்தவர் திறந்தால்? தகவலைப் பாதுகாப்பது அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம். உச்ச அபராதம் 250 கோடி. நம்ம கடைக்காரருக்கு அவ்வளவு போடப்போவதில்லை என்று எனக்கும் தெரியும் :-) ஆனால் தாத்தாவின் பென்ஷன் புத்தகத்தை நம்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

"செலவாகுமே?" ஆகாது. ஐந்தாறு பேர் இருக்கிற இடத்துக்கு சர்வர் வேண்டாம். சாதாரண விண்டோஸே ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை தாங்கும். ஃபோல்டர் இருக்கிற சிஸ்டத்தில் ஆளுக்கு ஒரு யூசர் உருவாக்குங்கள். கணக்கு, சம்பளம், கஸ்டமர் ஆவணம் என்று ஃபோல்டரைப் பிரியுங்கள். யாருக்கு எது வேலையோ அதற்கு மட்டும் எழுதும் அனுமதி, மற்றவருக்குப் படிக்க மட்டும், சம்பள ஃபோல்டருக்கு அதுவும் வேண்டாம். ஷேரில் ஒரு அனுமதி, ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் ஒரு அனுமதி என இரண்டு உண்டு. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். அதே சிஸ்டத்தில் உட்கார்ந்தவருக்கோ ஷேர் அனுமதி பொருந்தவே பொருந்தாது. அதனால் செக்யூரிட்டி டேபைத் தொடாமல் விடாதீர்கள்.

டேலியில் பாஸ்வேர்ட் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. டேட்டா ஃபோல்டர் திறந்து கிடந்தால் டேலியைத் திறக்காமலே அதை அழித்துவிடலாம். எண்ட்ரி போடுபவருக்கு அங்கே எழுதும் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், அவர் கை படாத இடத்தில் தினமும் ஒரு பேக்கப் வேண்டும். மொத்த வேலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிந்துவிடும். வேலையை விட்டுப் போனவரின் யூசரை அன்றைக்கே நிறுத்துவது மட்டும் தொடர்ந்து செய்ய வேண்டியது.

நண்பர்களே, அடுத்த வருடம் நம்மில் பாதிப் பேர் இந்த மாதிரி ஆபீஸில்தான் சேரப்போகிறோம். கடைசியாகச் சேர்ந்தவராக. முதல் நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால் "என் பேர்ல ஒரு லாகின் குடுங்க சார்" என்றும் கேளுங்கள். திமிர் என்பார்கள். பரவாயில்லை. ஷீட் காணாமல் போகிற அன்று உங்களுக்காகப் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

ஆபீஸ் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்துக் கோபப்பட்டால், வாருங்கள், சண்டை போடலாம். வரும்போது உங்கள் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சீட்டைக் கிழித்துவிட்டு வாருங்கள்.