பாதியில் திரும்புகிறவர்கள்

"மிலிட்டரி ஆசை பிடிச்சுப் போனான். மூணாம் நாளே ஓடி வந்துட்டான்!" சென்ற ஆண்டு கடத்தூர்த் தேநீர்க் கடையில் என் காதில் விழுந்த பேச்சு இது. பேசப்பட்டவன் என் நண்பன். தேசிய மாணவர் படையின் பத்து நாள் முகாமிலிருந்து அவன் பாதியில் திரும்பியது உண்மை. ஓடி வந்தான் என்பது பொய். நானும் அங்கே இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அவன் கொடிக்காலில் வெறுங்காலோடு வளர்ந்தவன். முகாமுக்கு முதல்நாள்தான் பூட்சு கிடைத்தது. அதுவும் ஓர் அளவு சிறியது. முதல் மாலையே குதிகால் கொப்பளித்தது. மறுநாள் கொப்புளம் உடைந்தது. மூன்றாம் நாள் சீழ் பிடித்தது. "பழகிவிடும்" என்றார்கள். அன்றிரவே வீட்டிலிருந்து அழைப்பு: வெற்றிலை கிள்ள ஆளில்லை, சந்தை நெருங்குகிறது. யார்தான் இருப்பார்கள்? (அணிவகுப்பு முடிந்து கிடைக்கும் பரோட்டாவுக்காகவே படையில் சேர்ந்த நான் தாக்குப் பிடித்தேன். என் கால் பூட்சுக்குப் பொருந்தியது, அவ்வளவே!)

அவன் இழந்தது சிறிதன்று. 'பி', 'சி' சான்றிதழ்களுக்கு முகாம் கட்டாயம். 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரி, எழுத்துத் தேர்வின்றியே நேர்முகத் தேர்வு வழியாகச் சென்னைப் பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பெற்ற அதிகாரிகள் பயிற்சி நிறுவனத்துக்குச் செல்லலாம். கொடிக்கால் வீட்டுப் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய வாசல்!

பெரிய பயிற்சிக் கூடங்களிலும் தொடக்க வாரங்களே கடினமானவை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் புதியவர்களின் கோடைப் பயிற்சிக்கு 'மிருகக் கொட்டடி' என்றே மாணவர்கள் பட்டப்பெயர் சூட்டியுள்ளனர். திடீரென ஓட்டமும் சுமையும் கூடும்போது மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அத்தனை விரைவில் பழகாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நுண்ணிய விரிசல் காண்கிறது. மனவுறுதி மிக்கவனே வலியை மறைத்து ஓடி, விரிசலை முறிவாக்கிக் கொள்கிறான்.

நம் நாட்டில் இராணுவப் பயிற்சிக் கூடங்களில் காயமுற்று, மருத்துவக் காரணத்தால் 1985 முதல் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர். பதவியேற்கும் முன்பே அடிபட்டதால் இவர்கள் முன்னாள் படைவீரராகக் கருதப்படவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்த பிறகே, படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. இவர்களையும் தேநீர்க் கடையில் 'ஓடி வந்தவர்' என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

நான் கேட்பது பெரிதல்ல. முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே, காலை அளந்து பூட்சு தரட்டும். மூத்த மாணவர்கள் புதியவர்களை அன்றாடம் சிறிது சிறிதாக ஓடப் பழக்கட்டும். முகாம் நாட்களைப் பெற்றோருக்கு முன்னதாகவே கடிதத்தில் தெரிவித்தால், கொடிக்காலுக்கு மாற்றாள் பார்த்துக் கொள்வார்கள். கால் புண்பட்டவனை இரண்டு நாள் சமையற்கூடப் பணியில் வைத்தால் முகாம் ஒன்றும் குடைசாய்ந்துவிடாது.

என் நண்பன் இவ்வாண்டும் பெயர் கொடுத்திருக்கிறான். பூட்சு இன்னும் வரவில்லை.